மஞ்சள் பூசிய மூன்று வரிகள்

“…தாள்ல காசு இருக்கு, பேங்கில காசு இல்ல. அப்ப இடையில நிண்டது ஆர் புள்ள?”

எங்கள் ஐஸ் கொம்பனி முதலாளி இதை என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்கவில்லை. வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிற காலை நேரம். கந்தோர் வாசலில் மீன் வாங்கி விற்கிற வாடிக்காரர் ஐஸ் சீட்டோடு நிற்கிறார்கள், ஐஸ் கட்டி தூக்குகிறவர்கள் ஈரச் சாக்கோடு நிற்கிறார்கள், லொறிச் சாரதிகள் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தத்தை அங்கே ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. காசோலைப் புத்தகம் என் மேசை லாச்சியில். லாச்சிச் சாவி என் கைப்பையில். அப்படியானால் கள்ளி நான்.

இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு உடம்பு சுடுகிறது.

எழுத வேண்டி வந்தது துஷியால். நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரையில் இருக்கிற பிள்ளை அவள். போன கிழமை தொலைபேசியில், “அன்ரி, இனித் தாள் தேவையில்லையாம். மிச்சம் எவ்வளவு எண்டு பேங்க் ஆப்பிலேயே தெரியுதாம். ஒரே வேலைய எதுக்கு ரெண்டு தரம் செய்யிற எண்டு முதலாளிட மகன் கேக்கிறார்” என்றாள். ஒரே வேலையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் பார்க்கவில்லை. போனில் தெரிவது பேங்கின் மிச்சம். தன்னிடம் வந்து சேர்ந்த காசோலையைத்தான் பேங்குக்குத் தெரியும். நாம் எழுதிக் கொடுத்து, இன்னும் ஒருவருடைய சட்டைப் பையிலோ சாறித் தலைப்பு முடிச்சிலோ கிடக்கிற காசோலையை அதற்கு எப்படித் தெரியும்? அந்த இடைவெளிக்குள்தான் ஒருநாள் என் பெயர் விழுந்து நசுங்கியது. அதனால் சொல்லத்தான் வேண்டும்.

நான் கணக்கியல் படித்தவள் அல்ல. சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு ஐஸ் சீட்டு எழுதப் போனவள். எத்தனை கட்டி, எந்தப் படகு, காசா கடனா என்று எழுதுவதுதான் வேலை. பிறகு கணக்கு எழுதிய ஐயா கண் தெரியாமல் நின்றுபோக, பேங்க் நடைமுறைக் கணக்கும் காசோலைப் புத்தகமும் என் மேசைக்கு வந்தன. அந்தக் காலத்தில் மிச்சம் அறிய ஒரே வழி பஸ் ஏறிப் பேங்குக்குப் போவது. கவுண்டரில் இருப்பவர் ஒரு கிழிசல் துண்டில் தொகையை எழுதி, ஏதோ மருந்துச் சீட்டைத் தருவது போல நீட்டுவார். முதலாளி அந்தத் துண்டை நம்பிக் காசோலை எழுதுவார். அந்தத் தொகையில் பாதிக்கு ஏற்கெனவே காசோலை எழுதிக் கொடுத்தாயிற்று என்பது துண்டில் எங்கே இருக்கும்? கட்டி தூக்கும் கணேசண்ணன் தன் சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்வார்: “மிஸ், என்ட சம்பளமும் ஐஸ் கட்டிதான். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கக்குள்ள சாக்குத்தான் மிச்சம்.” அந்தத் துண்டுச் சீட்டுக்கும் அது பொருந்தும்.

அப்போதுதான் முதலாளியின் மகன் விளையாடிச் சலித்த கணினி ஒன்று கந்தோருக்கு வந்தது. அதில் கட்டம் கட்டமாக ஒன்று இருப்பதைக் கண்டேன். விரிதாள் என்று புத்தகத்தில் போடுகிறார்கள். எங்கள் கந்தோரில் கடைசி வரைக்கும் அதற்குத் ‘தாள்’ என்றுதான் பெயர். யாரும் சொல்லித் தரவில்லை. அமத்திப் பார்த்து, அழித்து, அழுது, திரும்ப அமத்திப் பழகினேன்.

தாளில் பெரிய வித்தை எதுவும் இல்லை. திகதி, காசோலை இலக்கம், யாருக்கு, போனது, வந்தது, மிச்சம். மேல் வரியின் மிச்சத்தில் போனதைக் கழி, வந்ததைக் கூட்டு என்று ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டு, அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும்; மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரு சின்ன நிரல், சரி போடுவதற்கு. பேங்க் காசைக் கொடுத்த பிறகுதான் அந்தச் சரி. மாதம் முடிய வங்கிக் கூற்று வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி போடுவேன். சரி விழாத காசோலைகளைக் கூட்டி, தாளின் மிச்சத்தோடு சேர்த்தால் பேங்க் சொல்லும் தொகை வர வேண்டும். வராவிட்டால் பேங்க் நம்மிடம் சொல்லாமல் எடுத்த கட்டணம் ஏதாவது இருக்கும். அதையும் ஒரு வரியாக எழுதுவேன்.

இதற்குள் ஒரேயொரு சட்டம்தான் உண்டு. காசோலையில் கையெழுத்து விழுந்த நிமிடமே அது போன காசு. பேங்குக்கு எப்போது போகிறது என்பது நம் கவலை இல்லை. எங்கள் பக்கத்தில் வரப்போகிற திகதியைப் போட்டுக் கொடுக்கிற ‘டேற் செக்’ இல்லாமல் வியாபாரம் இல்லை. அடுத்த மாதத் திகதி போட்டுக் கொடுத்தாலும் இன்றைக்கே கழித்துவிடுவேன். ஐஸ் வாங்க வருகிற பாக்கியம் அக்கா, நண்டு வியாபாரி, இதைப் பார்த்துவிட்டு, “நீ பொல்லாத ஆளடி தவமணி. காசு வீட்ட விட்டு வெளிக்கிட முதலே அழுதுபோட்டு இருக்கிறாய்” என்றார். அதைவிட நன்றாக இந்தச் சட்டத்தை எனக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு மாரி காலம், கடல் கொந்தளிப்பில் படகுகள் கட்டிக் கிடந்தன. ஐஸ் விற்பனை படுத்துவிட்டது. மின்சாரப் பட்டியல் மட்டும் படுக்கவில்லை. தாளைக் காட்டி, “இந்தக் கிழமை ஒருத்தருக்கும் எழுதாதீங்க முதலாளி, அடுத்த கிழமை மூண்டு டேற் செக் விழுகுது” என்றேன். எழுதவில்லை. மற்றக் கொம்பனிகளின் காசோலைகள் திரும்பித் திரும்பி வந்த அந்த மாதத்தில் எங்களுடையது ஒன்றும் திரும்பவில்லை. அதன் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி, “எங்கட புள்ளட தாள் பொய் சொல்லாது” என்று பெருமை பேசுவார். அதே வாயைத்தான் சொல்கிறேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கட்டி விழுந்து கால் நசுங்கிய தொழிலாளியைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர். ஆனால் ஒரு பழக்கம். புகழ்வதென்றாலும் ஏசுவதென்றாலும் ஊரைக் கூட்டித்தான் செய்வார். கந்தோரில் உட்கார மாட்டார். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். நான் காசோலையை நீட்டினால் தொகையைப் பார்க்காமல், “புள்ள எழுதினாச் சரி” என்று கையெழுத்துப் போடுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்தது சோம்பல் என்று எனக்குத் தெரிய வெகுகாலம் எடுத்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வெள்ளைச் சேட்டின் பொக்கற்றில், பேனைக்குப் பின்னால், மடித்த வெற்றுக் காசோலைகள் சில எப்போதும் இருக்கும். என் லாச்சியிலிருந்து கிழித்துக்கொண்டு போவார். எதற்கு? ஈட்டுக்கு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. ஒருவருக்காகப் பிணை நிற்கும்போது, திகதி போடாமல் தொகையை எழுதிக் கையெழுத்து வைத்து, “இதப் போடாதீங்க, கையில வெச்சிருங்க. அவன் தராட்டி நான் தருவன்” என்று கொடுப்பார்கள். வாங்குகிறவரும் மரியாதையாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். கடன் தீர்ந்ததும் திருப்பிக் கொடுப்பார், அல்லது மறந்துவிடுவார். அது காசோலை என்றே ஒருவரும் நினைப்பதில்லை.

எனக்கு அது சரிப்படவில்லை. ஒருமுறை மூன்று வெற்றுக் காசோலைகள் போயின. தாளில் மூன்று வரி எழுதி, இலக்கங்களைப் போட்டு, ‘யாருக்கு’ என்ற இடத்தில் ‘முதலாளி கையில்’ என்று எழுதி, மஞ்சள் பூசி வைத்தேன். தொகைக் கட்டம் காலி. திங்கட்கிழமை தோறும் திரையைத் திருப்பிக் காட்டுவேன்.

“முதலாளி, இந்த மூண்டுக்கும் தொகை சொல்லுங்க.”

“அதுக்குத் தொகை இல்ல புள்ள. அது சும்மா கிடக்கிற கடதாசி.”

“ஆருக்கும் குடுத்தீங்களா?”

“நான் ஆருக்குச் செக் குடுத்த? மஞ்சளைக் கொஞ்சம் கழுவு புள்ள, கலியாண வீடு மாதிரி இருக்கு.” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருதரம் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் கொழும்பிலிருந்து பெரிய கணக்கு மென்பொருள் விற்க வந்தார்கள். முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தொகை போடாம ஒரு செக் எழுதினா இது என்ன செய்யும் தம்பி?” அவர்கள் பெருமையாக, “ஏத்துக்கொள்ளாது ஐயா” என்றார்கள். “அப்ப எங்களுக்குச் சரிவராது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று அனுப்பிவிட்டார். பாருங்கள், அவருக்கு வேண்டியது எதுவென்று அவருக்கே நன்றாகத் தெரியும்.

இனி அந்தக் காலை. முதலில் வந்தவர் ஹயாத்து காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம். ஓட்டமாவடிக்காரர், கொழும்புக்கு மீன் ஏற்றுகிற லொறி சொந்தமாக வைத்திருந்தார். எங்கள் ஐஸையும் ஏற்றுவார். வாடகைப் பாக்கிக்கு இரண்டு இலட்சத்துக்கு அவருக்குக் காசோலை கொடுத்திருந்தோம். அதை என் மேசையில் மெதுவாக வைத்தார். மேலே பணம் போதாது என்ற துண்டு.

“என்ன தங்கச்சி இது, உங்கட செக் கிறுகி வந்திரிச்சே? இத நம்பி நான் லொறித் தவணைக்கு எழுதின செக்கும் கிறுகிட்டு. லீசிங்காரன் விடிய விடியக் கோல் எடுக்கான்.”

தாளைத் திறந்தேன். அவருடைய இரண்டு இலட்சத்தையும் கழித்த பிறகு இன்னும் ஒன்றரை இலட்சம் மிச்சம் நிற்கிறது. திரும்ப வழியே இல்லை. மூன்று மஞ்சள் வரிகள் கண்ணில் பட்டன. அந்த நேரம்தான் முதலாளி வந்தார், திரும்பிய காசோலையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஊரைக் கூட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“முதலாளி, இந்த மூண்டில ஒண்டு பேங்குக்குப் போயிருக்கு” என்றேன், மஞ்சளைக் காட்டி.

“புள்ள, என்ட பிள்ளைகள் மேல சத்தியமா நான் ஒருத்தருக்கும் செக் குடுக்கல்ல. செக் புத்தகம் ஆரிட்ட இருக்கு? உன்னிட்ட. சாவி ஆரிட்ட? உன்னிட்ட. தாள எழுதுறது ஆர்? அதையும் நான் சொல்லோணுமா?”

“நான் எடுத்தன் எண்டு சொல்லுறீங்களா?”

“நான் அப்பிடிச் சொல்லல்ல. பேங்கில விசாரிக்குமட்டும் நீ அந்தக் கதிரையில இருக்காத. சாவிய வெச்சிட்டுப் போ.”

வாடிக்காரர் நிலத்தைப் பார்த்தார்கள். நான் வருடக்கணக்காக முகம் பார்த்துப் பேசிய ஆட்கள். ஒருவர் மெல்ல மற்றவரின் காதில் ஏதோ சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை. கணக்கு எழுதுகிறவளுக்குப் பெயர் போனால், இந்த வாவிக்கரையில் எந்தக் கடைக்காரன் லாச்சிச் சாவி கொடுப்பான்? வீட்டில் இரண்டு பெட்டைப் பிள்ளைகள். நாளைக்கு அவர்களை ‘அந்த ஐஸ் கொம்பனிக் கள்ளிட பிள்ளைகள்’ என்பார்கள்.

பேசியவர் ஹயாத்து காக்காதான். காசு பறிகொடுத்தவர் அவர். “முதலாளி, என்ட லொறி போறதெண்டாப் போகட்டும். அந்தப் புள்ளட பேர இப்பிடிச் சந்தியில போடாதீங்க. பேங்க் திறந்துதானே கிடக்கு? இப்பவே போய்க் கேப்பம்.”

“ஓம், இப்பவே” என்றேன். “நீங்களும் வாங்க முதலாளி. நீங்க வராட்டி நான் சாவிய வெக்க மாட்டன்.”

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரைக் கூட்டுவதில் உள்ள கஷ்டம் அதுதான்; கூட்டினால் கலைக்க முடியாது. மூன்று பேரும் அவருடைய வாகனத்தில் போனோம். கடதாசி ஆலைப் பக்கம் மாடுகள் வீதியை மறித்து நின்றபோதுகூட அவர் ஹோர்ன் அடிக்கவில்லை.

பேங்கில் இருந்த தம்பி கணக்கைத் திறந்து பார்த்தார். மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கு ஒரு காசோலை முதல்நாள் போயிருந்தது. இலக்கத்தை வாசித்தார். மூன்று மஞ்சள் வரிகளில் முதலாவது. எனக்கு அந்த இலக்கம் பாடம். காசு கொடுத்த காசோலையின் படத்தைத் திரையில் எடுத்து முதலாளிக்குக் காட்டினார். முதலாளியின் கையெழுத்து, வளைந்து நீண்ட அந்த வால் உட்பட. தொகையும் அவர் எழுத்து. திகதி மட்டும் வேறு மையில், வேறு கையில்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது… என்ட மச்சான் கடனுக்குப் படகு எஞ்சின் எடுத்ததுக்கு ஈடாக் குடுத்தது. டவுன்ல எஞ்சின் கடை வெச்சிருந்த ஐயாட்ட. அவர் போடமாட்டன் எண்டு சொன்னவரே?”

அந்த ஐயா மாரடைப்பில் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. முதலாளியும் செத்த வீட்டுக்குப் போயிருந்தார். கடையைப் பொறுப்பெடுத்த மகன் பெட்டியைத் திறந்திருக்கிறான், காசோலையைக் கண்டிருக்கிறான். மச்சான் எஞ்சின் காசைக் கட்டி முடிக்கவில்லை. மகன் திகதியைப் போட்டுப் பேங்கில் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? போடாதே என்ற பேச்சு இரண்டு பேருக்கிடையில் நடந்தது. அதில் ஒருவர் செத்துப்போனார். கடதாசி சாகவில்லை.

“அது செக் இல்ல தம்பி. அது வாக்கு” என்றார் முதலாளி.

“பேங்குக்கு வாக்குத் தெரியாது ஐயா. கையெழுத்துத்தான் தெரியும்” என்றார் அந்தத் தம்பி, மரியாதையாகத்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகள் மேல் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம் அல்ல. தான் யாருக்கும் காசோலை கொடுக்கவில்லை என்று அந்த மனிதர் மனதார நம்பியிருக்கிறார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கூடுதலாகத்தான் கொதித்தது. தன் வாக்கை இவ்வளவு பெரிதாக நம்புகிறவர், திங்கட்கிழமை தோறும் நான் சொன்னதை ஏன் ஒருதரம்கூட நம்பவில்லை? எஞ்சின் கடைக்காரரோடு பேசியது வாக்கு என்றால், என்னோடு பேசியது என்ன?

ஹயாத்து காக்காவின் கையைப் பிடித்து, “நாளைக்குக் காசாவே தாறன்” என்றார் முதலாளி. காக்கா, “சரி முதலாளி. மறுகா அந்தத் தங்கச்சிக்கு என்ன தருவீங்க?” என்று கேட்டார். முதலாளி வாகனத்துக் கதவைத் திறந்தார்.

திரும்பி வந்தபோது ஒருவரும் கலைந்து போகவில்லை. ஐஸை வாங்கியவர்கள்கூட ஏற்றாமல் நின்றார்கள். முதலாளி நேரே உள்ளறைக்குப் போகப் பார்த்தார். நான் என் கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உட்காரவில்லை.

“முதலாளி, காலையில இதே இடத்தில நிண்டு ஒரு கேள்வி கேட்டீங்க. இடையில நிண்டது ஆர் எண்டு இப்ப சொல்லுங்க.”

“பிறகு கதைப்பம் புள்ள, ஆக்கள் நிக்கிறாங்க.”

“காலையிலயும் ஆக்கள் நிண்டவங்கதானே?”

கணேசண்ணன் ஈரச் சாக்கைத் தோளில் போட்டபடி, “சொல்லுங்க முதலாளி. நாங்களும் அதுக்குத்தான் நிக்கிறம். கரையிறது உங்கட ஐஸ்தானே” என்றார். யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள்.

முதலாளி மேசையைச் சுற்றி வந்தார். என் கதிரையில் உட்கார்ந்தார்; கந்தோரில் அவர் உட்கார்ந்ததையே நான் அன்றைக்குத்தான் கண்டேன். முதல் மஞ்சள் வரியில், காலியாகக் கிடந்த தொகைக் கட்டத்தில் நான் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகினேன். அவர் விசைப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் மூன்றைக் குத்தினார். இரண்டைத் தேடிக் குத்தினார். பூச்சியங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார்.

“மறுகா?”

“பெரிய விசைய அமத்துங்க.”

அமத்தினார். மிச்சம் சிவப்பாகிக் கீழே விழுந்தது: கழித்தல் ஒரு இலட்சத்து எழுபதாயிரம். வாடிக்காரர் எட்டிப் பார்த்தார்கள். காலையில் நிலத்தைப் பார்த்தவர்கள் இப்போது என் முகத்தைப் பார்த்தார்கள்.

“இவ்வளவுதானா புள்ள?” என்றார் முதலாளி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“இவ்வளவுதான் முதலாளி. எழுதினா எனக்குச் சொல்லோணும். வேற ஒண்டும் இல்ல. மற்ற ரெண்டையும் தாங்க.”

அவர் எழும்பினார். கை பொக்கற்றுக்குப் போனது. பேனைக்குப் பின்னால் மடித்திருந்த இரண்டு வெற்றுக் காசோலைகளின் ஓரமும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கணேசண்ணன் சாக்கைக் கீழே வைத்தார். முதலாளி அவற்றை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார், பொக்கற்றின் பொத்தானைப் பூட்டினார், படியிறங்கித் துறைமுகப் பக்கம் நடந்தார்.